மூணு கம்பிப் பெட்டிக் கிடார்: வாசகர் கேள்வி – பதில்

காலிச் சிகார் பெட்டியில் ஒரு கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டி வாசிக்கும் கிடார் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு வெளியானது. செய்து பார்த்தவர்கள், செய்யப் போகிறவர்கள், பாதியில் நிற்கிறவர்கள் என்று செட்டிநாட்டுப் பக்கமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பதில்களில் உறுப்புகளுக்கு வீணைச் சொற்களையே வைத்திருக்கிறோம். தண்டி என்றால் கழுத்துக் கட்டை, பிருடை என்றால் முறுக்காணி, குதிரை என்றால் பெட்டிமேல் கம்பியைத் தாங்குவது. மெட்டு என்றால் சுரத்துக்குச் சுரம் தண்டிக்குக் குறுக்கே பதித்த, விரல் அழுத்தும் கம்பி. தலைப்பக்கம் கம்பி ஏறி உட்காரும் சின்னக் கட்டையை மட்டும் கிடார்காரர்கள் சொல்கிறபடி 'நட்' என்றே எழுதுகிறோம்.

சிகார் பெட்டிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊரில் சுருட்டே காகிதத்தில்தான் சுற்றித் தருகிறார்கள்.
– வாசகர், கோட்டையூர்

போக வேண்டாம். சிகார் பெட்டி என்பது பெயர்க் காரணம்தான். வேண்டியது 22 முதல் 25 செ.மீ. நீளம், 16 முதல் 18 செ.மீ. அகலம், 5 முதல் 6 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டி. மூடி 3 அல்லது 4 மி.மீ. கனத்துக்குள் இருக்க வேண்டும். மூடியின் நடுவில் விரல் கணுவால் தட்டுங்கள். 'டொம்' என்று கொஞ்சம் நீண்டு ஒலித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 'டக்' என்று செத்த சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். பரிசுக்கு வரும் முந்திரிப் பெட்டி, நகைப்பெட்டி எல்லாம் ஆகும். ஆனால் அவற்றில் பல, மரத்தூளை அழுத்திய பலகைமேல் மரப்படம் ஒட்டியவை. விளிம்பைச் சுரண்டினால் தெரிந்துவிடும். அந்தப் பலகை கனம், ஒலி எழும்பாது, திருகாணியும் பிடிக்காது.

பெட்டி கிடைக்கவில்லையென்றால் செய்துகொள்ளலாம். 12 மி.மீ. கனப் பட்டையில் நான்கு பக்கம், மேலும் கீழும் 3 மி.மீ. பிளைவுட். ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல்லைப் பாரம் வைத்தால் போதும்.

அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது. பர்மாத் தேக்கு, பித்தளைப் பூண். யாரும் தொடுவதில்லை. அதில் செய்தால் அழகாக இருக்குமே?
– வாசகி, பள்ளத்தூர்

வெட்டாதீர்கள் ஆச்சி. பழம்பொருள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெட்டியின் மூடி பெரும்பாலும் 8, 10 மி.மீ. கனம் இருக்கும். மூன்று கம்பியின் அதிர்வுக்கு அது அசையாது. பெட்டியும் போய், கிடாரும் ஊமையாகிவிடும். அழகுதான் முக்கியம் என்றால் அதே அளவில் மெல்லிய பெட்டி செய்து, முனைகளில் பித்தளைப் பூண் அடித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

தண்டிக்கு எந்த மரம்? என்ன அளவு?
– வாசகர், காரைக்குடி

உங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இடித்த வீட்டின் சன்னல் சட்டம், கதவு நிலைத் துண்டு ஏதாவது அகப்படும். பல பத்தாண்டுகள் காய்ந்த தேக்கு இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. புதிதாக அறுத்த மரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வெட்டிய அளவு: நீளம் 90 செ.மீ., அகலம் 38 மி.மீ., கனம் 20 மி.மீ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரியக் கூடாது. ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒடியும். மூன்று கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் தண்டிமேல் ஏறக்குறைய 30 கிலோ இழுவை விழுகிறது. 20 மி.மீ. தேக்கு, வேங்கை அதைத் தாங்கும். பைன் மரம் என்றால் 25 மி.மீ. வையுங்கள்.

பழைய மரத்தில் இரண்டு தொல்லை. ஒன்று, உள்ளே புதைந்த ஆணி. இழைப்புளி வைப்பதற்கு முன் காந்தத்தை நீளமாக ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆசாரி இழைப்புளியின் வாயோடு உங்களையும் தீட்டிவிடுவார். இரண்டு, தேக்கின் எண்ணெய். ஒட்ட வேண்டிய முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தவுடன் பசை போட வேண்டும். துடைக்காமல் ஒட்டினால் அன்றைக்குப் பிடிக்கும், அடுத்த மாதம் விட்டுவிடும்.

முழுதும் செய்து கம்பியும் கட்டிவிட்டேன். சத்தம் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. பெட்டி நல்ல மெல்லிய பெட்டிதான். தண்டியை மூடியோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டினேன். உறுதியாக இருக்கட்டும் என்று நான்கு திருகாணியும் போட்டேன்.
– வாசகர், தேவகோட்டை

குற்றவாளியை நீங்களே பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒலி எழுப்புவது மூடி. 20 மி.மீ. தேக்கை அதன் முதுகில் ஒட்டிவிட்டால் எப்படி அதிரும்? தண்டி பெட்டிக்குள்ளே ஊடுருவிப் போக வேண்டும், ஆனால் மூடியின் நடுப்பகுதியைத் தொடவே கூடாது.

பெட்டியின் குறுகிய பக்கங்கள் இரண்டிலும் தண்டி அளவுக்கு வாய் வெட்டுங்கள். பெட்டிக்குள் வரும் நீளம் முழுவதும் தண்டியின் மேல்முகத்தை மூடியின் கனம் அளவுக்கு இறக்குங்கள். மூடி 4 மி.மீ. என்றால் 4 மி.மீ. அப்போது மூடியும் வெளியே உள்ள தண்டியும் ஒரே மட்டமாகிவிடும். பிறகு இரண்டு முனையிலும் 15 மி.மீ. விட்டுவிட்டு நடுப்பகுதியை இன்னும் 3 மி.மீ. இறக்குங்கள். மூடி அந்த இரண்டு முனைகளில் மட்டும் உட்காரும். இப்படி 7 மி.மீ. போனபின் மிச்சம் 13 மி.மீ.தான். அது வளையும். அதனால் பெட்டிக்குள் தண்டியின் அடிமுகத்தில் 10 மி.மீ. கனப் பட்டை ஒன்றை நீளமாக ஒட்டிவிடுங்கள். பலர் விடுவது இந்தப் பட்டையைத்தான். ஆறு மாதத்தில் கம்பி உயர்ந்துவிட்டது என்று எழுதுவார்கள்.

உங்களுடையதைப் பிரிக்கச் சுடுதண்ணீர்த் துணியும் மெல்லிய கத்தியும் போதும், வெள்ளைப் பசையாக இருந்தால். எபாக்சி போட்டிருந்தால் புதுப்பெட்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலித்துளை 25 மி.மீ. அளவில் இரண்டு, மூடியின் மேல்பாதியில், தண்டியின் இரு பக்கமும். குதிரைக்கு அருகில் துளைத்தால் மூடி அங்கே தளர்ந்து குழியும்.

மெட்டு வைக்கும் கணக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக் கிடாரின் மேல் வைத்துப் படி எடுத்துக்கொண்டேன். ஆனால் மேலே போகப் போகச் சுருதி ஓடுகிறது.
– கல்லூரி மாணவர், புதுவயல்

தம்பி, படி எடுத்ததில் தப்பில்லை. அந்தக் கிடாரின் நட்டுக்கும் குதிரைக்கும் உள்ள தூரமும் உங்களுடையதும் ஒன்றா என்று பார்த்தீர்களா? பெரும்பாலான கிடாரில் அது 650 மி.மீ. பக்கம் இருக்கும். உங்களுடையது 600 என்றால் ஒரு மெட்டுகூடப் பொருந்தாது.

கணக்கு இவ்வளவுதான்: மொத்தக் கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் மெட்டின் தூரம். மீதி நீளத்தை மறுபடி 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டிலிருந்து இரண்டாவது. 12ஆம் மெட்டு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். 600 மி.மீ. நீளத்துக்கு நாங்களே போட்டுத் தருகிறோம். எல்லாம் நட்டிலிருந்து, மில்லிமீட்டரில்:

1 – 33.7
2 – 65.5
3 – 95.5
4 – 123.8
5 – 150.5
6 – 175.7
7 – 199.5
8 – 222.0
9 – 243.2
10 – 263.3
11 – 282.2
12 – 300.0

ஸ்டீல் ஸ்கேலை நட்டில் வைத்தால் 12 வரை நகர்த்தாமல் குறியுங்கள். ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் அரை மில்லி பிசகி, கடைசியில் 3, 4 மி.மீ. சேர்ந்துவிடும். இன்னொன்று: 1 மி.மீ. பிழை எல்லா இடத்திலும் ஒரே பிழை அல்ல. 12ஆம் மெட்டில் அது முதல் மெட்டில் செய்வதைப்போல இரண்டு மடங்கு சுருதியைக் கெடுக்கும். கம்பி அங்கே பாதியாகிவிட்டதல்லவா. பென்சில் கூடாது, கத்தி முனையால் கீறுங்கள். பென்சில் கோடே அரை மில்லி இருக்கும்.

கிடார் மெட்டுக் கம்பி கிடைத்தால் அதற்கு 0.6 மி.மீ. அகலக் கீறல் வேண்டும். சாதாரண ஹேக்சா பிளேடின் பல் இரு பக்கமும் விரிந்திருப்பதால் கீறல் 1 மி.மீ. வரை அகலமாகி, மெட்டு லொடலொடக்கும். பிளேடை எண்ணெய்க் கல்லின்மேல் படுக்கவைத்து இரண்டு பக்கமும் தேய்த்துப் பல்லின் விரிவை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும். மெட்டுக் கம்பி கிடைக்காத ஊரா? சைக்கிள் கடையில் பழைய போக்ஸ் கம்பி கேளுங்கள். 2 மி.மீ. தடிமன். முக்கோண அரத்தால் கோட்டின்மேல் பள்ளம் கீறி, பாதி புதையும்படி ஒட்டினால் 1 மி.மீ. வெளியே நிற்கும். துருப்பிடிக்காத கம்பியா என்று காந்தத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். உப்புத்தண்ணீரில் ஒரு துண்டை இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

பயமாக இருந்தால் முதலில் தூண்டில் நரம்பு. 0.8 மி.மீ. நைலான் நரம்பைத் தண்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் அதுவே மெட்டு. நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்துவிட்டு, பிறகு உலோகத்துக்குப் போகலாம்.

வீணையில் மாதிரி மெழுகில் மெட்டு பதித்தால் என்ன?
– வாசகர், கானாடுகாத்தான்

காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் வீணை வாசித்த சீமை, அதனால் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் வேண்டாம். வீணையின் மெழுகுத் தளம் மெட்டை உயர்த்தி வைப்பது, கம்பியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுத்துக் கமகம் பிடிக்க. அதற்குத் தண்டியும் அகலம் வேண்டும். 38 மி.மீ. தண்டியில் இழுத்தால் கம்பி விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துவிடும். சித்திரை வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு சாய்வது வேறு.

எந்தக் கம்பி வாங்குவது? எப்படிச் சுருதி சேர்ப்பது? எனக்குக் கிடார் தெரியாது, வாய்ப்பாட்டு கொஞ்சம் தெரியும்.
– இசை ஆசிரியை, பொன்னமராவதி

வாய்ப்பாட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறு கம்பி கொண்ட சாதாரண அக்கூஸ்டிக் கிடார் செட் ஒன்று வாங்கி, அதில் 5, 4, 3ஆம் கம்பிகளை மட்டும் எடுங்கள். கனமான 5ஆவதை ஜி சுருதிக்கு இறக்குங்கள், 4ஆவது டி, 3ஆவது மேல் ஜி. அதாவது ச–ப–ச. தம்புராக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 600 மி.மீ. நீளத்தில் கம்பி கொஞ்சம் தளர்வாகத் தோன்றினால் மூன்றையும் ஒரு சுரம் ஏற்றி ஏ–ஈ–ஏ வைத்துக்கொள்ளலாம், அறுகாது. மிஞ்சிய 2ஆம் கம்பியை வீசிவிடாதீர்கள். நான்காவது பிருடை வைக்க மனம் வந்தால் அதை பி சுருதியில் சேர்த்தால் அந்தர காந்தாரம் கிடைக்கும்.

எல்லாக் கம்பியும் ச, ப என்று இருப்பதால் ஒரு விரலை மூன்று கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்தாலே சேர்ந்து ஒலிக்கும். ராகத்துக்கு ச கம்பியில் மெட்டு எண்ணுங்கள், 0 என்றால் விரல் வைக்காத கம்பி. மோகனம்: 0, 2, 4, 7, 9, 12. அரிகாம்போதி: 0, 2, 4, 5, 7, 9, 10, 12. அதில் 10ஐ 11 ஆக்கினால் சங்கராபரணம். பிள்ளைகளுக்குச் செய்வதாக இருந்தால் அந்த மெட்டுகளை மட்டும் வைத்து மற்றவற்றை விட்டுவிடலாம். எங்கே விரல் வைத்தாலும் அபசுரம் வராது, வகுப்பும் அமைதியாக இருக்கும்.

மெட்டே இல்லாமல் செய்யலாமா?
– வாசகர், குன்றக்குடி

தாராளமாக. அது கோட்டுவாத்தியத்தின் வழி. நட் ஆகவும் குதிரையாகவும் ஆளுக்கொரு 8 மி.மீ. போல்ட் வையுங்கள், கம்பி தண்டிக்கு மேல் 8 மி.மீ. உயரத்தில் ஓடும், விரல் அழுத்தவே வேண்டாம். 60 மி.மீ. நீள எவர்சில்வர் குழாய்த் துண்டை, விளிம்பு தேய்த்து, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்குங்கள். மெட்டுக் கோட்டுக்கு நேர் மேலே குழாய் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. குழாய்க்குப் பின்னே மீதி விரல்களைக் கம்பிமேல் லேசாகப் படியவிடாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும்.

மூன்றாம் மெட்டில் அழுத்தினால் கரகர என்கிறது. மற்ற இடத்தில் சுத்தம்.
– வாசகர், சிங்கம்புணரி

மூன்றாவதைக் குறை சொல்லாதீர்கள், நான்காவது உயர்ந்திருக்கிறது. உடைந்த ஹேக்சா பிளேடின் நேரான முதுகை 3, 4, 5 மூன்றின் மேலும் சேர்த்து நிறுத்துங்கள். ஊஞ்சலாடினால் நடுமெட்டு உயரம். முதலில் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பாருங்கள். இறங்காவிட்டால் மெல்லிய அரம். தேய்த்த இடம் தட்டையாகிவிடும், அதை மறுபடி உருட்டாக்கி நைஸ் உப்புத்தாள் போடுங்கள்.

எல்லா மெட்டிலும் கரகரத்தால் குதிரை தாழ்ந்திருக்கிறது. 12ஆம் மெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே 2.5 மி.மீ. இருக்கட்டும். மெட்டைத் தண்டியிலேயே பதித்திருந்தால் குதிரை 5 முதல் 6 மி.மீ. உயரம் வரும், அதாவது 6 மி.மீ. போல்ட் ஒன்று. குதிரையை ஒட்டாதீர்கள், கம்பியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். கணக்குப்படி 600இல் வைத்துவிட்டு, 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் குதிரையைப் பின்னால் தள்ளுங்கள். 2, 3 மி.மீ. தள்ள வேண்டிவரும், கனமான கம்பியின் பக்கம் இன்னும் சற்று அதிகம். குதிரை சாய்ந்து நிற்கிறதே என்று நேராக்கிவிடாதீர்கள்.

பிருடைக்குத் துளை போடும்போது தலைக்கட்டை பிளந்துவிட்டது. மறு தண்டி செய்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருப்பத்தூர்

கிடார்க் கடைப் பிருடையின் தண்டு வெளியே எட்டிப் பார்க்க வேண்டுமே என்பதற்காகத் தலைக்கட்டையை மெலிதாக்க வேண்டும், 14, 15 மி.மீ. போதும். அதையும் மேல்முகத்திலிருந்து 5 மி.மீ. இறக்கி எடுங்கள். அப்போதுதான் கம்பி நட்டிலிருந்து கீழ்நோக்கி வளைந்து அழுத்தும். இல்லாவிட்டால் மீட்டும்போது துள்ளி வெளியே வரும். பெரிய துளையை ஒரே துளையாகப் போடாமல் 3, 6, பிறகு உங்கள் பிருடைக்கு வேண்டிய அளவு என்று ஏற்றுங்கள், அடியில் ஒரு வீண்கட்டையை வைத்து அமுக்கிக்கொண்டு. சின்னத் திருகாணிகளுக்கும் 1.5 மி.மீ. முன்துளை. காய்ந்த தேக்கு அதுவும் இல்லாமல் திருகாணியை ஏற்காது, பிளந்துதான் வழி விடும்.

வால்பக்கம் கம்பியை மாட்டப் பழைய கதவுக் கீல் ஒன்று போதும். அதன் துளைகளில் கம்பியைக் கோத்துக்கொள்ளலாம். வெறும் மரத்தில் துளைத்துக் கோத்தால் கம்பியின் பித்தளைக் குண்டு மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும்.

பீசோ வில்லை (அதிர்வை மின்சாரமாக்கும் சின்ன வட்டத் தகடு) வைத்து ஹோம் தியேட்டரில் மாட்டினேன். தகர டப்பாவைத் தட்டுவது போல் கீச்சென்று கேட்கிறது. கனமான கம்பியின் சத்தமே இல்லை. பெட்டியைத் தொட்டாலும் டமார்.
– வாசகர், காரைக்குடி

வில்லை கெட்டுவிடவில்லை, மாட்டிய இடம்தான் ஒத்துப்போகவில்லை. 27 மி.மீ. பீசோ வில்லை ஒரு சின்னக் கெப்பாசிட்டர், சுமார் 20 நேனோஃபாரட். அதை 10,000 ஓம் மின்தடை உள்ள வாயிலில் (இன்புட்டில்) மாட்டினால் சுமார் 800 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். உங்கள் கீழ் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், மேல் ஜி 196. ஆக, பாட்டின் அடிக்கட்டு முழுக்க வாயிலிலேயே நின்றுவிடுகிறது. கிடார் ஆம்ப்ளிஃபையரின் வாயில் ஏறக்குறைய 10 லட்சம் ஓம், அதில் மாட்டினால் கனமான கம்பி உடனே கேட்கும். ஹோம் தியேட்டர்தான் கதி என்றால் நடுவில் கிடாருக்கான சின்ன பிரீ-ஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று வேண்டும்.

டமார் என்பதற்கு வில்லை வெறுமையாக மூடியில் ஒட்டியிருப்பது காரணம். இரண்டு பக்கமும் மெல்லிய கார்க் அல்லது சூட்டுப் பசையால் மூடி, குதிரைக்கு நேர் கீழே இல்லாமல் 2, 3 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். கொஞ்சம் சத்தம் குறையும், கேட்கவும் இனிமையாக இருக்கும்.

சால்டரிங்: நடுவில் உள்ள வெள்ளை வட்டத்தின் ஒயர் ஜாக்கின் (கேபிள் செருகும் குழியின்) முனைக்கு, பித்தளை விளிம்பின் ஒயர் ஜாக்கின் உடலுக்கு. மாற்றிப் போட்டால் கை பட்டவுடன் 'உம்' என்று இரையும். வெள்ளை வட்டத்தின்மேல் சால்டரிங் அயர்னை 2 நொடிக்கு மேல் வைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். ஒயர் முன்கூட்டியே பற்றவைத்து வரும் வில்லைகள் கிடைக்கின்றன, புதியவர்கள் அதையே வாங்கலாம்.

முறுக்கு டின்னில் செய்யலாமா?
– வாசகி, ஆத்தங்குடி

செய்யலாம். சத்தம் பெரிது, கொஞ்சம் வெண்கலக் கடை. வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்காமல் கை வைக்காதீர்கள். மூடி தகரத்தோடு உரசிச் சலசலக்கும். விளிம்பைச் சுற்றிக் கதவுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை வைத்து மூடுங்கள். குதிரையின் கீழே தகரம் குழியாமல் இருக்க உட்புறம் 3 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பீசோ வைத்தால் டின்னையே ஜாக்கின் உடலோடு ஒரு ஒயரால் இணையுங்கள், இரைச்சலுக்கு அதுவே கவசம்.

இதை முதலில் செய்தது யார்?
– பள்ளி மாணவி, கண்டனூர்

யார் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிகாரைச் சின்ன மரப்பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியபின், காலிப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு கிடந்தன. எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் 1876இல் வெளியிட்ட படத்தில் உள்நாட்டுப் போர் முகாமில் ஒரு வீரர் சிகார் பெட்டிப் பிடிலை வாசித்துக்கொண்டிருக்கிறார். பின்னாளில் பெரிய கிடார் கலைஞர்களான லைட்னின் ஹாப்கின்ஸ், கார்ல் பெர்க்கின்ஸ் போன்றவர்கள் சிறுவயதில் பிடித்த முதல் கிடாரும் சிகார் பெட்டிதான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கம்பி உயர்ந்து, அழுத்தினால் விரல் வலிக்கிறது. கோடையில் நன்றாகத்தான் இருந்தது.
– வாசகர், கல்லல்

மூடி ஈரம் குடித்து உப்பியிருக்கிறது, குதிரையும் கூடவே ஏறிவிட்டது. இப்போது அரத்தை எடுத்துக் குதிரையைத் தேய்த்துவிடாதீர்கள். தை மாதம் மூடி பழையபடி இறங்கினால் எல்லா மெட்டிலும் கரகரக்கும். உயரம் வேறான இரண்டு குதிரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒட்டாத குதிரையின் லாபம் அது. மழை விட்டு நன்றாகக் காய்ந்தபின் மூடியின் உட்புறத்துக்கும், தண்டி வெளியே வரும் இரண்டு வெட்டுமுகத்துக்கும் மெல்லியதாக இரண்டு கை ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிவிடுங்கள். வெளியே பளபளவென்று பூசி உள்ளே வெறும் மரமாக விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.